‘அற்றைத் திங்கள்’ காதல் பாட்டுதானே, மிஸ்?

வாசகர் கேள்விக்கு ஆலோசனை

இந்த வாரக் கடிதம் ஏழு பக்கம். எழுதியவர் டெல்டாப் பக்கத்தில், அரசு உதவி பெறும் இருபாலர் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் முதுகலைத் தமிழாசிரியை. பணியில் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

பதினோராம் வகுப்பில் சங்கப் பாடல் என்றதுமே பிள்ளைகள் பெஞ்சில் தலையைச் சாய்த்துவிடுகிறார்கள். ஜூலையில் ஒருநாள், குறுந்தொகையின் ‘யாயும் ஞாயும்’ பாடலை நடத்துவதற்கு முன், ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரில் ‘இருவர்’ படத்து ‘நறுமுகையே’ பாட்டைப் போட்டிருக்கிறார். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. கடைசி பெஞ்ச் கூடவே பாடியது. அன்றிலிருந்து வாரம் ஒரு பாட்டு என்று வழக்கமாகிவிட்டது.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சிக்கல். வகுப்புத் தேர்வில் ‘அற்றைத் திங்கள்’ என்று தொடங்கும் புறநானூற்றுப் பாடலைக் கொடுத்து அதன் கருத்தை எழுதச் சொன்னால், 11 பேர் நிலவொளியில் காதலியைப் பார்த்த காதலன் பாடியது என்று எழுதியிருக்கிறார்கள். அம்மாவைப் பற்றிய ஒரு பாட்டைப் போட்ட அன்று ஒரு மாணவி அழுதுகொண்டே வெளியே போனாள்; இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மாணவர்கள் சிலர் காதல் பாட்டு ஒன்றை வகுப்புத் தோழி ஒருத்தியின் பெயரோடு சேர்த்துப் பாடிக் கேலி செய்ய, அவளுடைய தாயார் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டார். வகுப்பில் எடுத்த ஒரு வீடியோவை யூடியூபில் ஏற்றியதற்குக் காப்பிரைட் அறிவிப்பு வந்திருக்கிறது. சக ஆசிரியர் ஒருவர், “இதுக்குக் கேஸே போடுவாங்க” என்று பயமுறுத்தியிருக்கிறார். தலைமை ஆசிரியர் வரும் வியாழக்கிழமைக்குள் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறார்.

கடிதம் இப்படி முடிகிறது: “பாட்டு இல்லாமல் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இலக்கியம் போய்ச் சேராது என்று நம்புகிறேன். அந்தத் தாயாரின் பிற்போக்குத்தனத்துக்காக நான் இதை விட்டுவிட வேண்டுமா? மன்னிப்புக் கேட்க வேண்டுமா? சட்டப்படி நான் குற்றவாளியா?”

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், நிம்மதியாக மற்றதைப் படிக்கலாம். வகுப்பறையில் பாட்டுப் போட்டதற்காக நீங்கள் குற்றவாளி இல்லை. யூடியூப் விஷயம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன். பாட்டை விட்டுவிட வேண்டியதும் இல்லை. ஆனால் இப்போது போடுகிற விதத்தில் தொடர வேண்டாம். உங்கள் கடிதத்தில் எனக்கு ஒப்புதல் இல்லாத இடங்கள் இரண்டு இருக்கின்றன. இரண்டையும் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

சினிமாப் பாட்டு வகுப்பறைக்குள் வரலாமா என்ற கேள்வியில் நான் அதிக நேரம் செலவழிக்கப் போவதில்லை. பரிபாடலைப் புரட்டிப் பாருங்கள். பாட்டின் அடியில் ‘கடுவன் இளவெயினனார் பாட்டு, பெட்டனாகனார் இசை, பண் பாலையாழ்’ என்று குறிப்பு இருக்கும். பாடலாசிரியர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில். நம் கேசட் உறைகளில் வந்ததும் அதே முறைதானே! போதாததற்கு, 2018இல் வந்த பதினோராம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலேயே இளையராஜாவையும் ஏ.ஆர். ரகுமானையும் பற்றி ‘இசைத்தமிழர் இருவர்’ என்று பாடம் வைத்தார்கள். எனவே பாட்டு வந்ததில் தவறில்லை. வந்த நேரமும் கேட்ட கேள்வியும்தான் தவறு.

முதலில் பாட்டு, பிறகு செய்யுள் என்ற வரிசை

உங்கள் 11 மாணவர்களும் சோம்பேறிகள் இல்லை. நீங்கள் கற்றுக்கொடுத்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள். ‘நறுமுகையே’ பாட்டில் ‘அற்றைத் திங்கள்’ வருகிறது, அதை ஒட்டி ஒரு பெண் பொய்கையில் நீராடுகிறாள், ஒருவன் அவளைத் தேடுகிறான். இதைப் பத்து முறை கேட்ட காதுக்கு, அதே இரண்டு சொல்லோடு தொடங்குகிற செய்யுள் வேறு எதைச் சொல்லும்? ஒரு பையன், “அற்றைத் திங்கள் காதல் பாட்டுதானே, மிஸ்?” என்று உங்களிடமே கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்டவன் நல்ல மாணவன். அன்று அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் அந்த வகுப்பே வேறாக இருந்திருக்கும்.

புறநானூறு 112. ஐந்தே அடி. பாரியின் மகளிர் பாடியது.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

போன மாதம் இதே நிலா. அப்பா இருந்தார், மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாதம் இதே நிலா. மூவேந்தர் மலையை எடுத்துக்கொண்டார்கள், எங்களுக்கு அப்பாவும் இல்லை. அவ்வளவுதான். அழுகை என்ற சொல் கிடையாது, கண்ணீர் கிடையாது. வரிசையைப் பாருங்கள். போன மாதத்தில் அப்பா முதலில் வருகிறார், மலை பிறகு. இந்த மாதத்தில் மலை முதலில், அப்பா கடைசியில். சொல்லத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, இனி முடியாது என்று வரும்போது ‘இலமே’ என்று முடிகிறது. இந்த இடத்தைப் பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடிக்க வேண்டும். முன்னாலேயே ஒரு மெட்டு காதில் ஏறிவிட்டால் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

‘நறுமுகையே’ பாட்டை எழுதிய வைரமுத்து தவறு செய்தார் என்று நான் சொல்லவில்லை. புறத்தில் கிடந்த ஒரு சொற்றொடரை எடுத்து அகத்தில் வைத்திருக்கிறார். கவிஞருக்கு அந்த உரிமை உண்டு. ஆசிரியரின் வேலை, அது எங்கிருந்து எங்கே வந்தது என்பதைக் காட்டுவது. ஆகவே வரிசையை மாற்றுங்கள். செய்யுளை இரண்டு முறை வாய்விட்டுப் படிக்கட்டும், பொருள் பிடிபடட்டும். அதற்குப் பிறகு பாட்டு. “எங்கே ஒத்துப்போகிறது?” என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லாருமே கை தூக்குவார்கள். “எங்கே பிரிகிறது?” என்று கேளுங்கள்.

‘யாயும் ஞாயும்’ விஷயத்திலும் இதே கதைதான். அதே சினிமாப் பாட்டில் அந்த வரிகளும் வருகின்றன, இருவரும் மாறி மாறிப் பாடுகிறார்கள், கேட்கக் கொண்டாட்டமாக இருக்கிறது. குறுந்தொகையில் பேசுவது ஒருவர் மட்டும். யார், எந்தச் சூழலில் பாடியது என்று செய்யுளுக்கு அடியில் தரும் பழைய துறைக் குறிப்பு என்ன சொல்கிறது? கூடியபின் இவன் நம்மைப் பிரிந்துவிடுவானோ என்று தலைவி பயப்படுகிறாள். அவள் முகம் மாறுவதைப் பார்த்துத் தலைவன் சொல்கிறான். அதாவது அது ஒரு பயத்துக்குச் சொன்ன ஆறுதல். அவள் வாயே திறக்கவில்லை. என் அம்மாவும் உன் அம்மாவும் யார், என் அப்பாவும் உன் அப்பாவும் எந்த வகையில் உறவு, நீயும் நானும் எப்படி அறிந்தோம் என்று அவன் அடுக்குகிற மூன்று கேள்வியும் அவள் மனத்தில் ஓடிக்கொண்டிருந்த கேள்விகளாக இருக்கலாம் அல்லவா? இதை ஒருமுறை சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டுப் பாருங்கள். பாட்டில் அந்தப் பயம் இருக்கிறதா என்று பிள்ளைகளே தேடுவார்கள்.

ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் நான் வழக்கமாகச் செய்துகாட்டுகிற ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ‘யான்நோக்குங் காலை நிலன்நோக்கும் நோக்காக்கால் தான்நோக்கி மெல்ல நகும்’ என்ற குறளும், ‘வாழ்க்கைப் படகு’ (1965) படத்தில் பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடிய ‘நேற்றுவரை நீ யாரோ’ பாட்டும். ‘உன்னை நான் பார்க்கும்போது மண்ணை நீ பார்க்கின்றாயே’ என்ற வரியைக் கேட்டதும் எல்லாரும் சிரித்துக்கொண்டே, “குறளை அப்படியே எடுத்துட்டார் சார் கண்ணதாசன்” என்பார்கள். சரி, குறளில் கடைசிச் சொல் என்ன என்று கேட்பேன். நகும். அவள் சிரிக்கிறாள். பாட்டில் சிரிக்கிறாளா? மறுபடி போடுவோம். இல்லை, ஒரு புன்னகை புரிந்தால்தான் என்ன குறைந்துவிடும் என்று அவன் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். குறளின் தலைவனுக்குக் கிடைத்தது கண்ணதாசனின் நாயகனுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அங்கே அவள் ரகசியமாகச் சம்மதம் சொல்லிவிட்டாள். இங்கே அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு சொல் இருக்கிறது, இல்லை என்பதில் அரை மணி நேரம் ஓடிவிடும். (இதை உங்கள் பதினோராம் வகுப்பில் இப்போது செய்துவிடாதீர்கள். பள்ளிகளுக்கென்று வைத்த 105 அதிகாரங்களும் அறத்துப்பாலும் பொருட்பாலும்தான்; புகார் மேசையில் கிடக்கிற நேரத்தில் இன்பத்துப்பாலைத் திறக்க வேண்டாம்.)

சொல் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்று என்று நினைப்பதுதான் இந்த முறையில் எல்லாரும் விழுகிற குழி. நானும் விழுந்திருக்கிறேன். ‘அற்றைத் திங்கள்’ என்ற சொல் வருகிற பாட்டு பாரி மகளிரின் துயரத்துக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. அந்தத் துயரத்துக்குப் பக்கத்தில் வருகிற பாட்டு வேண்டுமென்றால், 2021இல் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யை எடுங்கள். ராப் பாடகர் அறிவு எழுதி, பாடகி தீயோடு சேர்ந்து பாடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அது வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். சங்கச் சொல் ஒன்றுகூட அதில் தேட வேண்டாம். அஞ்சு மரம் வளர்த்து, அழகான தோட்டம் வைத்து, ‘தோட்டம் செழித்தாலும் என் தொண்டை நனையலையே’ என்று ஒப்பாரி போல ஒரு குரல் வரும். மண்ணை இழந்த பெண்ணின் குரல்.

அங்கேயும் நின்றுவிடாதீர்கள். பாரியின் மகளிர் மலையை வைத்திருந்து இழந்தவர்கள்; ‘எம் குன்று’ என்று அவர்களால் சொல்ல முடிகிறது. இந்தப் பாட்டியோ நட்டு, தண்ணீர் ஊற்றி, வளர்த்தவள். அது ஒருநாளும் அவள் பெயரில் இருந்ததில்லை. வைத்திருந்து இழப்பதும், உழைத்தும் கைக்கு வராமலே போவதும் ஒரே இழப்பா? இந்த ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுங்கள். உங்கள் ஊரில் குத்தகை நிலத்தில் பாடுபடுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் பேசட்டும்.

அந்தத் தாயார் சொல்வது

‘பிற்போக்குத்தனம்’ என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அவருடைய புகாரின் நகலை நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள். மூன்று முறை படித்தேன். சினிமாப் பாட்டு கூடாது என்று அதில் ஓரிடத்திலும் இல்லை. ‘என் மகள் பெயரை வைத்துப் பாடுகிறார்கள், அவள் சைக்கிளை எடுக்கப் போகும்போதும் பாடுகிறார்கள், டீச்சருக்குத் தெரிந்தும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்’ என்றுதான் இருக்கிறது. இது இசையைப் பற்றிய புகார் இல்லை. அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் பாதுகாப்பு இல்லை என்பதைப் பற்றியது. நீங்கள் சிரித்தது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஒரு நொடி சிரித்திருக்கலாம், வகுப்பு கலகலப்பாக இருக்கிறது என்ற சந்தோஷத்தில். அந்தப் பெண்ணின் இடத்திலிருந்து பார்த்தால் அந்த ஒரு நொடி பெரிது.

இதற்கான மருந்து உங்கள் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்’ என்கிறது தொல்காப்பியம். அகப்பாட்டில் யாரையும் பெயர் சொல்லிக் குறிக்கக் கூடாது. தலைவன், தலைவி, தோழி, செவிலி, அவ்வளவுதான். இந்த இலக்கணத்தை வகுப்பு விதியாகவே வைத்துவிடுங்கள். “பாட்டைப் பற்றி யார் பேசினாலும் பெயர் வரக் கூடாது. பேர் சொன்னால் அது அகப்பாட்டே இல்லை” என்று முதல் நாளே சொல்லிவிடலாம். பையன்கள் சிரிப்பார்கள், பிறகு பிடித்துக்கொள்வார்கள்.

கேலி செய்தவர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், வகுப்பு முன்னால் வேண்டாம். அந்தப் பெண்ணை நிறுத்தி வைத்து மன்னிப்புக் கேட்கச் சொல்கிற நாடகமும் வேண்டாம். தாயாரை நீங்களே போய்ப் பாருங்கள், அல்லது தலைமை ஆசிரியர் அறையில் சந்தியுங்கள். “அம்மா, உங்க பொண்ணைக் கேலி பண்ணினதை நான் அன்னைக்கே நிறுத்தியிருக்கணும். இனி நடக்காது” என்ற இரண்டு வாக்கியம் போதும். பாட்டுக்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம். இதற்காகக் கேளுங்கள்.

அழுத மாணவி

எனக்கும் இது நடந்திருக்கிறது. பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, பெயர் வேண்டாம், ஒரு பள்ளியில் பட்டினத்தார் நடத்திக்கொண்டிருந்தேன். மனைவி வீதி மட்டும், மக்கள் சுடுகாடு மட்டும், கூட வருவது இருவினை மட்டுமே என்கிற பாட்டு. டேப் ரெக்கார்டர் தூக்கிக்கொண்டு போய் ‘வீடு வரை உறவு’ போட்டேன். மூன்றாம் பெஞ்சில் ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டான். அவன் அப்பாவைக் கொண்டுபோய்ச் சேர்த்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்பது மணி அடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வகுப்பாசிரியரிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

உங்கள் விஷயத்தில் பாட்டைவிடக் கேள்விதான் காயப்படுத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன். “இந்தப் பாட்டு உன் வாழ்க்கையில் எதை ஞாபகப்படுத்துகிறது?” என்று வரிசையாக எழுப்பிக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நாற்பது பேர் முன்னால் பதினாறு வயதுப் பிள்ளை தன் வீட்டைத் திறந்து காட்ட வேண்டுமா? அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள். அதன் இடத்தில் உரையாசிரியர்களின் பழைய கேள்வியை வையுங்கள்: இதை யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எந்த நேரத்தில்? சொந்தக் கதையைச் சொல்ல விரும்புகிற பிள்ளை தோழி கூற்றாகவோ செவிலி கூற்றாகவோ அதைச் சொல்லிவிடும். விரும்பாத பிள்ளை பாட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்காரும். இரண்டுமே சரிதான்.

அந்த மாணவியிடம் ஏன் அழுதாய் என்று கேட்காதீர்கள். “அடுத்த வாரம் என்ன பாட்டுன்னு முன்னாடியே சொல்றேன், வேண்டாம்னு தோணினா அந்த நேரம் நூலகத்துக்குப் போய்க்கோ” என்று போகிற போக்கில் சொல்லுங்கள். அழுகை தொடர்ந்தாலோ, சாப்பிடாமல், பேசாமல் இருந்தாலோ அது தமிழ் வகுப்பின் விஷயம் இல்லை. வீட்டாரோடும் பள்ளிக்கு வருகிற மனநல ஆலோசகரோடும் பேச வேண்டியது.

காப்பிரைட் பயம்

சக ஆசிரியர் பாதி தெரிந்து பேசியிருக்கிறார். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, எவையெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று ஒரு பட்டியல் தருகிறது. ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின்போது ஒரு படைப்பைப் படியெடுப்பது அதில் இருக்கிறது. பள்ளியின் செயல்பாடுகளின் பகுதியாக, ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர்கள் மட்டும் உள்ள அவையில் ஒலிப்பதிவைப் போடுவதும் இருக்கிறது. ஆக ஸ்பீக்கரில் போட்டதும், பாடல் வரிகளைக் கரும்பலகையில் எழுதியதும், நகல் எடுத்து வகுப்புக்குக் கொடுத்ததும் இந்தப் பாதுகாப்புக்குள் வரும். டெல்லிப் பல்கலைக்கழக நகலகம் மீது பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் ‘கற்பித்தல்’ என்பதற்கு விரிந்த பொருளே கொடுத்தது.

யூடியூப் வகுப்பறை இல்லை. உலகம் முழுக்கப் பார்க்கிற இடத்தில் முழுப் பாட்டோடு வீடியோவை ஏற்றியதற்கு அந்தப் பாதுகாப்பைக் காட்ட முடியாது. ஆனால் பதறவும் வேண்டாம். உங்களுக்கு வந்திருப்பது நீதிமன்ற நோட்டீஸ் இல்லை. நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது ‘கிளெய்ம்’. பாட்டின் உரிமையாளரை யூடியூப் தானாகவே கண்டுபிடித்துச் சொல்கிறது. விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகலாம், அல்லது வீடியோ முடக்கப்படலாம். ‘ஸ்ட்ரைக்’ என்பது வேறு, அது 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும். வீடியோவை எடுத்துவிடுங்கள், இன்றைக்கே. காப்பிரைட் ஒரு காரணம். பெரிய காரணம், அதில் பிள்ளைகளின் முகங்கள் தெரிகின்றன. பெற்றோரிடமும் பள்ளியிடமும் எழுத்தில் அனுமதி வாங்காமல் அவற்றை வெளியே விட்டிருக்கக் கூடாது. உங்கள் தலைமை ஆசிரியர் இன்னும் இதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

வரிகளைச் சுவரொட்டியாக அச்சிட, ஆண்டு மலரில் போட ஆசையிருந்தால் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை எடுங்கள். 1959இல் மறைந்தவர். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு என்ற கணக்கில் அவர் வரிகளுக்குப் பதிப்புரிமை 2019 முடிவோடு முடிந்தது. வரிகளைத்தான் சொல்கிறேன், ஒலிப்பதிவை இல்லை. பாரதிக்கும் தடையில்லை.

வியாழக்கிழமைக் கடிதம்

விளக்கக் கடிதத்தில் முதல் பத்தியிலேயே சட்டப் பிரிவை எழுதினால் அது எதிர் வழக்குப் போல ஆகிவிடும். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். என்ன நடந்தது, என்ன தவறியது, இனி என்ன செய்யப் போகிறீர்கள், அவ்வளவுதான். இப்படித் தொடங்கலாம்:

‘மதிப்பிற்குரிய ஐயா, சங்க இலக்கியப் பாடல்களைக் கற்பிக்கத் துணைக்கருவியாகத் திரைப்பாடல்களைப் பயன்படுத்தி வந்தேன். இதன் தொடர்ச்சியாக வகுப்பில் ஒரு மாணவி கேலிக்கு ஆளானதை உடனே தடுத்திருக்க வேண்டும். அதில் என் கவனக்குறைவு உள்ளது. மாணவியின் தாயாரைச் சந்தித்துப் பேச அனுமதி கோருகிறேன். இனிப் பாடலைப் பயன்படுத்தும் நாட்களில் அதன் வரிகளையும் நோக்கத்தையும் பாடக்குறிப்பேட்டில் முன்கூட்டியே எழுதித் தங்கள் பார்வைக்கு வைப்பேன்.’

பாடக்குறிப்பேட்டில் எழுதுவது வெறும் சடங்கு என்று நினைக்காதீர்கள். நாளை இன்னொரு புகார் வந்தால் உங்களைக் காப்பது அந்தக் கையெழுத்துத்தான். எழுத உட்காரும்போது, இந்தப் பாட்டு எதற்கு என்று ஒரு வரியில் சொல்ல வராவிட்டால், அன்றைக்குப் பாட்டு வேண்டாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பாடநூலில் ‘இசைத்தமிழர் இருவர்’ இருப்பதைக் கடிதத்தில் எழுதாமல் நேரில் பேசும்போது சொல்லுங்கள். யூடியூப் வீடியோவை ஏற்றியதையும் எடுத்துவிட்டதையும் நீங்களாகவே சொல்லிவிடுவது நல்லது. வேறு யாராவது சொல்லி அவர் தெரிந்துகொள்ள வேண்டாம்.

சில்லறை விஷயங்கள். முழுப் பாட்டும் வேண்டாம், ஒரு சரணம் போதும். காட்சியைக் காட்டாதீர்கள், ஒலி மட்டும். நடிகர் முகம் திரையில் வந்தபின் தலைவனுக்கு வேறு முகமே கிடைக்காது. பிள்ளைகள் பாட்டுக் கொண்டுவரட்டும், ஆனால் வரிகளைத் தாளில் எழுதி முந்தின நாளே தர வேண்டும். எழுதும்போது பாதிப் பேர் தாங்களே வேறு பாட்டுக்கு மாறிவிடுவார்கள். ஸ்பீக்கர் சத்தம் பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியாருக்குக் கேட்கக் கூடாது.

எனக்கு ஒப்புதல் இல்லாத இரண்டாவது இடத்துக்கு இப்போதுதான் வருகிறேன்: பாட்டு இல்லாமல் இலக்கியம் போய்ச் சேராது என்பது. வாரம் ஒரு பாட்டு என்ற கணக்கு இந்த நம்பிக்கையால்தான் வந்தது. அதனால்தான் பொருந்தாத பாட்டையும் இழுத்துப் பிடித்துப் பொருத்தியிருக்கிறீர்கள். மாதம் ஒன்று போதும். உங்கள் ஊரில் எல்லாம் வண்டல் மண், செம்மண்ணைப் பார்க்காத பிள்ளைகள் பாதிப் பேராவது இருப்பார்கள். புதுக்கோட்டைப் பக்கம் போகிற யாரிடமாவது சொல்லி ஒரு பை செம்மண் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு சொம்புத் தண்ணீர். ஒரு பிடி மண்ணைப் போட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டு, யாராவது ஒருவரை எழுப்பி, “இப்ப தண்ணியை மட்டும் தனியா எடு, பார்க்கலாம்” என்று சொல்லுங்கள். அவர்கள் முழித்துக்கொண்டிருக்கும்போது, அதே ‘யாயும் ஞாயும்’ பாடலிலிருந்து ‘செம்புலப் பெயனீர் போல’ என்று படியுங்கள்; செம்மண்ணில் பெய்த மழைநீர் போல.

ஒரு சுட்டிப் பையன், “கொஞ்ச நேரம் வச்சா மண்ணு அடியில தங்கிரும் மிஸ்” என்பான். கட்டாயம் ஒருத்தன் சொல்வான். அவனை உட்காரச் சொல்லிவிடாதீர்கள். தலைவி பயந்ததும் அதைத்தான்.